ஆண் குரல்களுக்கு எந்தப் பாட்டு? – இசை கேள்வி பதில்

பெங்களூரில் ஆண்கள் மட்டும் சேர்ந்து பாடும் தமிழ்க் குழுக்களிடமிருந்து இம்மாதம் வந்த கடிதங்கள் அனைத்தும், எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற ஒரே சிக்கலைத்தான் வெவ்வேறு பக்கங்களிலிருந்து கேட்கின்றன. ஆகவே அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் தேவாலய சபையில் ஆண்கள் ஞாயிறன்று பதினான்கு பேர் சேர்ந்து, பாமாலை என்ற சபைப் பாடல் புத்தகத்திலிருந்து பாட்டு ஒன்றை நான்கு பாகங்களாகப் பாடினோம். புத்தகத்திலுள்ள சோப்ரானோ, ஆல்டோ என்ற மேல், கீழ் பெண் குரல் வரிகளை ஒரு ஸ்தாயி இறக்கி ஆண்களுக்குப் பிரித்துக் கொடுத்தோம். தனித்தனியாகப் பாடிப் பார்த்தபோது ஒவ்வொரு பாகமும் சரியாக இருந்தது. சேர்ந்து பாடியபோது எல்லாம் கலங்கி, மெட்டே காணாமல் போய்விட்டது. தவறு பாடியவர்களிடமா, பாட்டிலா? – வாசகர், காக்ஸ் டவுன்.

பதில்: பாடியவர்களிடம் தவறில்லை. கலப்புக் குழுவுக்கு எழுதப்பட்ட பாட்டை அப்படியே கீழே இறக்கியதில்தான் கோளாறு. பெண்களும் ஆண்களும் சேர்ந்து பாடும் குழுவுக்கு, கீழ் பேஸிலிருந்து மேல் சோப்ரானோ வரை மூன்று ஸ்தாயிக்கும் மேற்பட்ட இடம் உண்டு. ஆண்கள் குழுவுக்கு அதில் ஒரு ஸ்தாயி குறைந்துவிடுகிறது. நம் கணக்கில் சொல்வதானால், ஒரு கட்டைச் சுருதியில் ஆதார சட்ஜத்தை வைத்துக்கொண்டால், மிகத் தாழ்ந்த பேஸ் பாடுபவர் மந்திர (கீழ்) ஸ்தாயிக் காந்தாரத்தைத் தொடுவார். உயர்ந்த ஆண் குரலான நல்ல முதல் டெனர் தார (மேல்) ஸ்தாயித் தைவதம் வரை ஏறுவார். மேலிருந்து கீழாக முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பேஸ் என்ற நான்கு பாகங்களும் இந்த இரண்டு ஸ்தாயிச் சொச்சத்துக்குள்தான் குடியிருந்தாக வேண்டும்.

நீங்கள் செய்த மாற்றத்தால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டிருக்கும். ஆல்டோ வரி ஒரு ஸ்தாயி இறங்கியதும் பேஸின் தலைமேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மந்திர ஸ்தாயிப் பஞ்சமம் ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸ்; அதற்கு மேலுள்ள காகலி நிஷாதம் ஏறக்குறைய 123 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் வித்தியாசம் வினாடிக்கு 25 அதிர்வுகள்தான் என்பதால், காது அவற்றை இரண்டு தெளிவான சுரங்களாகப் பிரித்துக் கேட்காமல் ஒரு கரகரப்பாகவே கேட்கிறது. அதே இடைவெளி ஒரு ஸ்தாயி மேலே ஒலித்தால் வித்தியாசம் இரட்டிப்பாகி, இனிமையாகிவிடும். உங்கள் சபையார் கேட்ட கலங்கல் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது விளைவு மெட்டைப் பற்றியது. புத்தகத்தில் சோப்ரானோவுக்குக் கீழே இருந்த டெனர் வரி, சோப்ரானோ இறங்கியவுடன் பல இடங்களில் அதற்கு மேலே போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒலிக்கும் குரலையே மெட்டென்று எடுத்துக்கொள்வது காதின் வழக்கம். ஆகவே சபையார் டெனரின் துணைவரியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, உண்மையான மெட்டு நடுவில் புதைந்து போயிருக்கும்.

எனவே ஆண்களுக்கென்று ஒரு பாட்டு கையில் வந்தால் முதலில் அதன் அடி இரண்டு வரிகளைப் பாருங்கள். பேஸ் தாழ்ந்து நிற்கும் இடங்களில், பாரிடோன் அதற்கு ஒரு பஞ்சமமோ ஒரு முழு ஸ்தாயியோ மேலே நின்று, மற்ற மூன்று பாகங்களும் தமக்குள் நெருக்கமாக அமைந்திருந்தால், எழுதியவருக்கு ஆண் குரல் தெரியும் என்று நம்பலாம். அடுத்ததாக முதல் டெனரின் வரியைப் பாருங்கள். உச்சி சுரம் எது என்று மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். அந்தச் சுரம் ஒருமுறை வந்து போனால் யாரும் சமாளித்துவிடலாம். மூன்று சரணங்களுக்கும் குரல் அதன் அக்கம்பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால், இரண்டாம் சரணத்திலேயே தொண்டை இறுகிவிடும்.

இதற்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. உங்களிடம் உள்ள பதினான்கு குரல்களையும் தனித்தனியே பாடவைத்துக் கணக்கெடுங்கள். ஆண்களில் பெரும்பாலோரின் இயல்பான குரல் பாரிடோன்தான். உண்மையான முதல் டெனர் இரண்டு மூன்று பேர் கிடைத்தால் பாக்கியம். மந்திர ஸ்தாயியில் அழுத்தமாக நிற்கக்கூடிய பேஸும் அபூர்வமே. அப்படியிருக்க, நான்கு பாகங்களில் பாடினால்தான் குழு என்று பெயர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நம் சபைகளில் அது ஒரு கௌரவப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. இத்தாலிய இசையமைப்பாளர் செருபீனி தமது முதல் இரங்கல் திருப்பலி இசையைக் கலப்புக் குழுவுக்கு எழுதியிருந்தார். தேவாலயத்தில் அதைப் பெண்கள் பாடுவதற்குப் பாரிஸின் பேராயர் மறுப்புத் தெரிவித்ததால், 1836இல் ஆண்களுக்கென்றே இன்னொன்றை எழுதினார். முழு ஆர்கெஸ்ட்ராவைத் துணைக்கு வைத்துக்கொண்டும் அதில் அவர் குரல்களை மூன்று பாகங்களாகவே வைத்தார். டெனர் இரண்டு, பேஸ் ஒன்று, அவ்வளவுதான். பதினான்கு பேருக்கு டெனர், பாரிடோன், பேஸ் என்ற மூன்று பாகப் பாட்டே தக்கது என்பது என் கருத்து. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை அனைவரும் ஒருமித்த குரலில், கீழே ஒரு சிறு கூட்டம் சட்ஜ பஞ்சமத்தை மட்டும் பிடித்திருக்கப் பாடினால், அரைகுறையான நான்கு பாகங்களைக் காட்டிலும் அது எவ்வளவோ மேலானது.

இல்லை, அதே பாமாலைப் பாட்டைத்தான் பாட வேண்டும் என்றால், மெட்டை இரண்டாம் டெனருக்குக் கொடுங்கள்; அங்குதான் ஆட்கள் அதிகம். பழைய டெனர் வரியை முதல் டெனர்கள் மெட்டுக்கு மேலே மென்மையாகப் பாடட்டும். அமெரிக்காவின் பார்பர்ஷாப் நால்வர் இசையில் மெட்டு இரண்டாம் குரலிலும் அதற்கு மேலே ஒரு மெல்லிய டெனரும் இருப்பது இந்தக் கணக்கில்தான். ஆல்டோ வரியை மட்டும், பேஸிலிருந்து விலகி நிற்கும்படி யாராவது தெரிந்தவரைக் கொண்டு மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

கேள்வி: ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் பத்துப் பேர் சேர்ந்து பாடுகிறோம். ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் பீபலின் ‘ஆவே மரியா’வைக் கேட்டதிலிருந்து அதைப் பாடியே தீருவது என்று இருக்கிறோம். எங்களில் மேல் ஸ்தாயி பாடக்கூடியவர்கள் இருவர்தான். – வாசகர், ஒயிட்ஃபீல்டு.

பதில்: உங்கள் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பாட்டு 1964இல் ஜெர்மனியின் தீயணைப்பு வீரர்கள் குழு ஒன்றுக்காக எழுதப்பட்டது என்ற செய்தியும், நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு துணிச்சலைக் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் நான்கு பாகக் குழு ஒன்றும், அதற்கு எதிரே மூன்று குரல்களைக் கொண்ட சிறு குழு ஒன்றுமாக ஏழு பாகங்கள் இருக்கின்றன. மேலே பாடக்கூடிய உங்கள் இருவரும் சிறு குழுவுக்குப் போய்விட்டால், பெரிய குழுவின் முதல் டெனருக்கு ஆள் இல்லை. சிறு குழுவின் மூவர் போக மீதி ஏழு பேரை நான்கு பாகங்களுக்குப் பகிர்ந்தால் ஏதாவது ஒரு பாகத்தில் ஒருவர்தான் மிஞ்சுவார். அவர் சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்ட மாலையில் ஒத்திகையும் நின்றுவிடும். பெங்களூரில் பாட்டுத் தேர்வு செய்பவர், குரல் வளத்தோடு போக்குவரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்தப் பாகத்திலும் இருவருக்குக் குறையாமல் நிற்கக்கூடிய பாட்டாக எடுங்கள். பீபலை இருபது பேர் சேரும்வரை தள்ளி வையுங்கள்.

இப்போதைக்கு ஆங்கிலேய இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸின் ‘இஃப் யீ லவ் மீ’ உங்களுக்கு ஏற்றது. பதினாறாம் நூற்றாண்டின் சிறிய பாட்டு அது. ஆண் குரல்களுக்கான பதிப்பு எளிதாகக் கிடைக்கிறது. எந்தப் பாகமும் அகலமாக ஓடுவதில்லை. தொடக்கத்தில் நால்வகைக் குரல்களும் ஒன்றாகச் சொல்லைச் சொல்லிவிட்டு, அதன் பிறகே ஒன்றையொன்று பின்தொடர்வதால், புதிதாகப் பாகம் பிரித்துப் பாடுபவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் அமைவது அரிது. முற்றிலும் வேறு வகை வேண்டுமென்றால், தென்னாப்பிரிக்க ஜூலு ஆண்களின் இசிகதமியா இசையைப் பாருங்கள். ஊரைவிட்டு வேலைதேடி வந்து விடுதிகளில் தங்கிய தொழிலாளர்களிடையே வளர்ந்த இசை அது. பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதிகளில் காலம் தள்ளியவர்களுக்கு அதன் ஏக்கம் புரியாமல் போகாது. ஒருவர் முன்பாட, மற்றவர்கள் பின்பாட, பேஸ் பாகத்தில் கூட்டம் அதிகமாக நிற்கும் அமைப்பு என்பதால், டெனர் பஞ்சமுள்ள குழுவுக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. உச்சரிப்பை மட்டும் ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேல் சுரங்களை மார்புக் குரலில் கத்தி எட்டிப்பிடிக்காமல் மென்மையான தலைக்குரலில் தொட்டால், உங்கள் இருவர் மூவராகவோ நால்வராகவோ ஆகலாம். பெண் குரல் போலிருக்கிறது என்று நம் ஆண்கள் கூச்சப்பட்டே அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: தமிழ்ச் சங்க விழாவில் பாரதியின் கவிதை ஒன்றை ஆண்கள் பதினாறு பேர் பாகம் பிரித்துப் பாட விரும்புகிறோம். கர்நாடக இசை பயின்ற நண்பர் ஒருவர், பாகம் பிரித்தால் இராகம் செத்துப்போகும் என்கிறார். அவர் சொல்வது சரியா? – வாசகர், அல்சூர்.

பதில்: பாதி சரி. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதே இல்லை; சஹானாவும் பேகடாவும் கமகம் என்ற சுர அசைவாலேயே உருவம் பெறுகின்றன. அத்தகைய இராகத்தில் மூன்று பேர் சுரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்க, நான்காமவர் அசைத்துப் பாடினால், அது இராகமாகவும் இராது, இசைவாகவும் இராது. ஆனால் சங்கராபரணம், ஹரிகாம்போதி, நடபைரவி ஆகியவற்றின் சுரங்கள் மெல்லிசை நடையில் நேராக நிற்கச் சம்மதிப்பவை. மோகனமும் நன்றாகவே வரும்; ஆனால் அதில் மத்யமமும் நிஷாதமும் இல்லை என்பதை மறந்து, இசைவை நிரப்புவதற்காக அவற்றைப் பாரிடோனில் நுழைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் நண்பர் அந்த இடத்தில் எழுந்து போனால் அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

பாரதியைக் கூட்டாகப் பாகம் பிரித்துப் பாட முடியும் என்பதை இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் நிறுவிக் காட்டிவிட்டார். 1970களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர் கலப்புக் குழுதான் என்றாலும், தமிழ்ச் சொல் எப்படிக் கூட்டுக் குரலில் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்பதற்கு அதன் ஒலிப்பதிவுகளே இன்றும் நல்ல வழிகாட்டி. நண்பரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு சுர சாகித்தியங்களையும் நினைவுபடுத்துங்கள். ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மேற்கத்திய மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதச் சொற்களை அமைத்து, சங்கராபரணச் சுரங்களில் கமகமின்றி அவர் இயற்றியவை சுமார் 40. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்த ‘சந்ததம் பாஹி மாம்’ அவற்றில் ஒன்று. உங்கள் குழு மூன்று பாகங்களில் பழகுவதற்கு அவையே போதுமான சரக்கு.

பாரதி கவிதைக்கு வருவோம். முதல் கண்ணியை அனைவரும் ஒருமித்துப் பாடுங்கள். இரண்டாவதில் பேஸ்கள் சட்ஜ பஞ்சமத்தை வாய்மூடி இழுக்கட்டும். பல்லவி திரும்பும்போது இரண்டு பாகம், கடைசி அடியில் மட்டும் நான்கு பாகம் என்று போனால், கேட்பவர்களுக்குச் சொல்லும் விளங்கும், வளர்ச்சியும் தெரியும். தமிழில் பாகம் பிரித்து எழுதுகிறவர்கள் அடிக்கடி கோட்டைவிடுவது குற்றியலுகரத்தில்தான். ‘நாடு’, ‘பாட்டு’ போன்ற சொல் அடியின் கடைசியில் வந்து, அதன் மேல் நான்கு தட்டு நீளமுள்ள சுரம் விழுந்தால், பதினாறு ஆண்கள் உகரத்தை இழுக்கும் ஒலி கேட்கச் சகிக்காது. நீளத்தை முந்தைய நெடிலின் மேலோ, மெய்க்கு முன்னுள்ள உயிரின் மேலோ வைத்து, உகரத்தைக் கடைசி நொடியில் தொட்டு விட்டுவிட வேண்டும். இதற்கு இடம் தராத மெட்டை நிராகரித்துவிடுங்கள்.

ஆண்கள் குழு என்றவுடன் வீர முழக்கமுள்ள கவிதையைத்தான் எடுக்க வேண்டும் என்பது ஒரு பழக்க தோஷம். ஆண்கள் பலர் சேர்ந்து மிக மெதுவாகப் பாடும்போது எழும் ஒலிக்கு ஈடாக எதுவுமில்லை. பாரதியின் கண்ணன் பாட்டுகளில் அதற்கு வேண்டிய இடம் தாராளமாக இருக்கிறது. பெங்களூர் மேடை என்பதால் கன்னடப் பாட்டு ஒன்றையும் ஒருமித்த குரலிலாவது சேர்த்துக்கொள்வது அழகு.

கேள்வி: கோலார் தங்கவயலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இங்கே எங்கள் வட்டாரத்தில் ஆண்கள் குழுவை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். எங்களில் யாருக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாது. பாகம் பிரித்த பாட்டுகளை நாங்கள் எடுக்க முடியுமா? – வாசகர், கே.ஆர். புரம்.

பதில்: உங்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும் என்று நினைக்கிறேன். உலகில் ஆண்கள் குழுக்களுக்குப் பேர்போன இடம் வேல்ஸ். அந்தக் குழுக்கள் பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடமிருந்துதான் எழுந்தன. ட்ரியோர்க்கி குழு 1883இல் தோன்றியது. அங்கே பலருக்கு ஐந்து கோட்டு இசைக்குறி தெரியாது. ஜான் கர்வன் பரப்பிய, டோ ரே மீ என்று சுரங்களை எழுதும் சோல்ஃபா எழுத்துகளைக் கொண்டே பெரிய பெரிய படைப்புகளைப் பாடிவிட்டார்கள். நம் சபைகளின் மூத்த பாடகர்களில் அந்த சோல்ஃபாவை அறிந்தவர் யாராவது உங்கள் பகுதியிலும் இருப்பார். சரிகம தெரிந்தவருக்கு அதைக் கற்க ஒரு மாதம்கூட ஆகாது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, எல்லாப் பாகங்களும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொல்லும் அமைப்புள்ளதாகவும், நடுவில் சுருதி மாறாததாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று துரத்தும் பாகங்கள் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

கேள்வி: குரல் உடைந்துகொண்டிருக்கும் பதினான்கு வயதுப் பையன்கள் சிலர் எங்கள் ஆண்கள் குழுவில் சேர விரும்புகிறார்கள். முதல் டெனர் ஆள் குறைவாக இருப்பதால் அங்கே நிறுத்தலாமா? – வாசகர், ஆஸ்டின் டவுன்.

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த வயதில் குரல் வாரத்துக்கு வாரம் மாறும். வசதியாகப் பாடக்கூடிய சுரங்கள் சில காலத்துக்கு ஆறேழுதான் இருக்கும். நடுவில் நகரும் இரண்டாம் டெனர் வரியோ, அவர்களுக்கென்று எழுதிய குறுகிய ஒரு வரியோ கொடுத்து, வலித்தால் உடனே நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு பிரதி வாங்கி, மற்றவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமா? பாரதி பாட்டுக்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? – வாசகர், ஆர்.டி. நகர்.

பதில்: பாரதியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, அனுமதி தேவையில்லை. ஆனால் வேறொருவர் அதற்கு அண்மையில் அமைத்த மெட்டும் பாகப் பிரிப்பும் அவருடைய உரிமை. இந்தியச் சட்டப்படி, படைத்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை தொடர்கிறது. டாலிஸ், ஷூபர்ட் போன்றோர் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டார்கள். மேலே ஒயிட்ஃபீல்டு வாசகர் கேட்ட பீபல் 2001இல்தான் மறைந்தார் என்பதால், அவர் பாட்டுக்கு 2061 முடியும்வரை உரிமை உண்டு. நுழைவுக் கட்டணமின்றி அமெச்சூர் குழு பாடுவதற்கும், சமயச் சடங்கில் பாடுவதற்கும் சட்டம் விலக்குத் தருகிறது. அந்த விலக்கு பாடுவதற்குத்தானே தவிர, பதினான்கு பிரதிகள் ஜெராக்ஸ் எடுப்பதற்கு அல்ல. காசு குறைவாக இருந்தால், 1998இல் தொடங்கிய ‘கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி’ என்ற இணைய நூலகத்தில் தேடுங்கள். டி.டி.பி.பி. என்ற குறியீடு நான்கு பாக ஆண்கள் குழுவையும், டி.டி.பி. என்பது மூன்று பாகத்தையும் குறிக்கும். பாட்டு பழையதாக இருந்தாலும் பதிப்பாசிரியர் வைத்துள்ள நிபந்தனையை ஒவ்வொரு பதிப்பிலும் படித்துவிட்டு அச்செடுங்கள்.

கேள்வி: கீபோர்டு இல்லாமல் பாடினால் பாட்டு முடிவதற்குள் அரைக்கட்டை இறங்கிவிடுகிறோம். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைத் தவிர்க்க வழி உண்டா? – வாசகர், ஸ்ரீராமபுரம்.

பதில்: ஓரளவுக்கு உண்டு. ஒரே சுரத்தில் பல சொற்களை அடுக்கும் வரிகளும், மேலிருந்து படிப்படியாக நீண்டு இறங்கும் வரிகளும் சுருதியைக் கீழே இழுப்பவை. அவை நிறைந்த பாட்டைத் துணைவாத்தியத்தோடு மட்டும் பாடுங்கள். டெனர்களுக்கு ஒரு கட்டைக் கணக்கில் தார ஸ்தாயிக் காந்தார மத்யமப் பகுதியில் மார்புக் குரல் தலைக்குரலாக மாறும் முடிச்சு ஒன்று இருக்கிறது. மெட்டு அந்த முடிச்சிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், பாட்டையே கைவிடுவதற்கு முன் சுருதியை அரைக்கட்டை ஏற்றியோ இறக்கியோ பாடிப் பாருங்கள். பல குழுக்களுக்கு ஏற்றிப் பாடுவதே சரியாக வருகிறது என்பது கேட்கப் புதிராகத் தோன்றலாம். ஒத்திகையில் தம்பூரா செயலியை ஓடவிட்டுப் பாடி, கடைசிச் சரணத்தில் மட்டும் அதை நிறுத்திவிட்டு, முடிந்ததும் மீண்டும் போட்டுப் பார்த்தால், எந்த இடத்தில் எந்தப் பாகம் இறங்குகிறது என்பது இரண்டு வாரங்களில் தெரிந்துவிடும்.